புலியில் துணையினங்கள் ஒன்பதா, ஆறா, இரண்டா? அழிந்த புலி திரும்ப வருமா?

கேள்வி இது: பள்ளிப் பாடத்தில் புலிக்கு 9 துணையினங்கள் (ஒரே இனத்துக்குள் ஊருக்கு ஊர் சற்று வேறுபடும் பிரிவுகள்), அவற்றில் பாலி, ஜாவா, காஸ்பியன் ஆகிய மூன்றும் அழிந்துவிட்டன என்று இருந்தது. இப்போது துணையினமே இரண்டுதான் என்கிறார்கள். அப்படியானால் காஸ்பியன் புலி அழியவே இல்லையா? அழிந்ததைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

சுருக்கமான விடை: காஸ்பியன் கடலைச் சுற்றி இன்று ஒரு காட்டுப்புலிகூட இல்லை. அதில் மாற்றமில்லை. மாறியது பெயர்ப்பலகைதான். ஆனால் அது மாறியதில் ஒரு பயன் உண்டு. அங்கே மறுபடி புலியை விடுவதென்றால் எந்த ஊர்ப் புலியை விடலாம் என்பதற்கு விடை கிடைத்துவிட்டது.

பெயர்கள் வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் புலிக்கு அறிவியல் பெயர் வைத்தார். அதன்பின் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு எந்தெந்த ஊரிலிருந்து தோலும் மண்டையோடும் போய்ச் சேர்ந்தனவோ, அந்தந்த ஊருக்கு ஒரு பெயர் முளைத்தது. காஸ்பியன் 1815, ஜாவாவும் சைபீரியாவும் (இன்று அமூர்ப் புலி எனப்படுவது) 1844, தென்சீனம் 1905, பாலி 1912, சுமத்ரா 1929, இந்தோசீனம் 1968. தென்சீனப் புலிக்கு ஆதாரம் சீனாவின் ஹாங்கோவிலிருந்து வந்த ஐந்து மண்டையோடுகள். பாலிப் புலிக்கு இன்றைக்கு உலகம் முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மண்டையோடும் தோலும் தேறும். இவ்வளவு குறைந்த மாதிரிகளை வைத்துக்கொண்டு, 'இது சின்னது, கோடு நெருக்கம், பின்மண்டை குறுகல்' என்று பிரித்தார்கள். ஒரே காட்டில் பிறந்த இரண்டு புலிகளுக்குள்ளேயே அந்த அளவு வேறுபாடு இருக்கக்கூடும் என்பதைச் சோதிக்க அன்று வழி இல்லை. டி.என்.ஏ.வை வைத்துப் பிரித்த ஒரே பெயர் 2004-இல் வந்த மலாயாப் புலி. அதுவரை அது இந்தோசீனப் புலியின் கணக்கில் இருந்தது.

இடையில் ஒன்று. வண்டலூரில் பார்க்கும் வெள்ளைப்புலி துணையினம் அல்ல. அது வங்கப்புலிதான், ஒரு நிறமி மரபணுவில் நேர்ந்த மாற்றம் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் சேர்ந்து வந்தால் பிறப்பது. 1951-இல் மத்திய இந்தியாவின் ரேவாவில் பிடித்த மோகன் என்ற ஆண்புலியின் வாரிசுகளை உறவுக்குள்ளேயே இணைசேர்த்துப் பெருக்கியதுதான் இன்றைய கூட்டத்தில் பெரும்பகுதி. மாறுகண்ணும் முதுகெலும்புக் கோளாறும் அடிக்கடி வருவது அதனால்தான். ஒடிசாவின் சிமிலிபாலில் உள்ள கரும்புலியும் தனி இனமல்ல. அங்கே கோடுகள் அகன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சிறிய கூட்டம் வெளித்தொடர்பின்றி அடைபட்டுக் கிடந்தால் அரிய மரபணு எப்படிப் பெருகும் என்பதற்கு அது கண்ணெதிரே உள்ள சான்று.

இனி எண்ணிக்கைச் சண்டைக்கு வருவோம். 2017-இல் ஐ.யு.சி.என். என்னும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பூனையினக் குழு பழைய பட்டியலை மறு ஆய்வு செய்து, ஆசியப் பெருநிலப் புலிகள் எல்லாம் ஒன்று, சுமத்ரா, ஜாவா, பாலி ஆகிய சுண்டாத் தீவுப் புலிகள் இன்னொன்று என்று இரண்டாகச் சுருக்கியது. மறு ஆண்டே 32 புலிகளின் முழு மரபணுத் தொகுதியைப் படித்த ஆய்வு, உயிரோடிருக்கும் புலிகள் ஆறு தெளிவான குழுக்களாகப் பிரிகின்றன என்றது. முரண்பாடு போலத் தெரியும், அவ்வளவு இல்லை. இன்றைய புலிகள் அனைத்துக்கும் பொது மூதாதை ஏறக்குறைய 1,10,000 ஆண்டுகளுக்கு முன்புதான் வாழ்ந்தது என்கிறது அந்த ஆய்வு. பரிணாமக் கணக்கில் அது நேற்றுப்போல. எனவே குழுக்களுக்கு இடையில் வேறுபாடு உண்டு, ஆனால் சிறிது. எவ்வளவு வேறுபாடு இருந்தால் துணையினம் என்று அழைப்பது என்பது அளவுகோலைப் பிடிப்பவரின் முடிவு.

இதில் கவனிக்க வேண்டிய விபரீதம் ஒன்று உண்டு. இரண்டு என்ற பட்டியலை எடுத்துக்கொண்டால், அழிந்த துணையினம் பூஜ்யம்! காஸ்பியன் புலி பெருநிலப் புலியின் ஒரு கூட்டமாகிவிடும், பாலியும் ஜாவாவும் சுண்டாப் புலியின் கூட்டங்களாகிவிடும். சுமத்ராவில் இன்னும் புலி இருக்கிறதே. என் கருத்தில், அன்றாடப் பாதுகாப்பு வேலைக்கு ஆறு என்ற கணக்கே உதவும். அமூர்ப் பனியில் வாழும் புலியையும் மலேசியாவின் கெடா மழைக்காட்டில் வாழ்ந்த புலியையும் ஒரே வரியில் எழுதிவிட்டால், இரண்டாவது தீர்ந்துபோனாலும் மொத்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போவதாகத் தெரியும். இப்போது நடப்பதும் அதுதான், கீழே சொல்கிறேன்.

அழிந்தவை எப்படி அழிந்தன?

பாலியைச் சட்டென்று முடித்துவிடலாம். தீவே 5,780 சதுர கிலோமீட்டர். ஆண்புலி 90 முதல் 100 கிலோ, பெண் 65 முதல் 80. ஜாவாவிலிருந்து படகேறி வந்த ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் ஆட்டையோ கேளையாட்டையோ இரையாக வைத்து, அதன் கீழே கனத்த எஃகுப் பொறியைப் புதைப்பார்கள். புலியின் கால் மாட்டிக்கொண்டபின் கிட்டப் போய்ச் சுடுவார்கள். இதற்குப் பேர் வேட்டை. உறுதியாகத் தெரிந்த கடைசிப் புலி மேற்குப் பாலியில் 1937 செப்டம்பர் 27 அன்று கொல்லப்பட்ட ஒரு பெண். அங்கே காப்பகம் அமைந்தது 1941-இல்.

ஜாவா விஷயம் இன்னும் நுணுக்கமானது. அரண்மனைகளில் 'ராம்போகன்' என்று ஒரு சடங்கு இருந்தது. புலியைக் கூண்டிலிருந்து திறந்துவிட்டு, சுற்றி நாலாபுறமும் ஈட்டிக்காரர்கள் வரிசையாக நின்று, அது பாயும்போது குத்திக் கொல்வார்கள். 1905-இல் தடையானது. ஆனால் ஜாவாப் புலியைத் தீர்த்தது ஈட்டியைவிட உழவும் தோட்டமும்தான். காப்பி, தேக்கு, ரப்பர், நெல் என்று காடு தின்னப்பட்டது. 1938-இல் தீவில் 23 சதவீதம் இயற்கைக் காடு இருந்தது, 1975-இல் 8 சதவீதம். மக்கள்தொகை அப்போது 8.5 கோடி. மிஞ்சிய காப்பகங்களில் 1960-களில் நோய் வந்து ருசா மான்கள் பல இடங்களில் இல்லாமல் போயின. 1965-க்குப் பிந்தைய கலவரக் காலத்தில் ஆயுதக் குழுக்கள் காப்பகங்களுக்குள் பதுங்கின. புலிகள் மேலும் குறைந்தன. ஊர்க்காரர்கள் விஷமும் வைத்தார்கள். மேற்கே உஜுங் கூலோன் காப்பகத்தில் 1960-களிலேயே புலி முடிந்தது. கிழக்கே மேரு பெத்திரியில் 1976-இல் ஆய்வு செய்தபோது கால்தடங்களை வைத்து மூன்று புலிகளாவது இருக்கும் என்று கணித்தார்கள். அந்தக் காப்பகத்துக்கு உள்ளேயே தோட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதன்பின் உறுதியான சான்று இல்லை. 2008-இல் ஐ.யு.சி.என். அழிந்ததாகப் பதிவு செய்தது.

மூன்று புலி இருந்தால் காப்பாற்ற முடியாதா என்று கேட்கலாம். மூன்றில் இனப்பெருக்க வயதில் உள்ள பெண் எத்தனை என்பதுதான் கணக்கு. பெண்புலி மூன்று, நான்கு வயதில் முதல் ஈற்று ஈனும். சூல் காலம் சுமார் 105 நாள், குட்டிகள் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ. அவை தாயோடு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் இருக்கும். குட்டி உள்ள தாய் செத்தால் அந்த ஈற்று முழுவதும் போகும். பெருக்கும் வேகம் நன்றாகவே இருக்கும், ஆனால் இரண்டு நிபந்தனைகள்: வயிற்றுக்கு இரை வேண்டும், வளர்ந்த பெண் சாகக் கூடாது. வளர்ந்த பெண்களில் ஆண்டுக்கு 15 சதவீதத்துக்கு மேல் இறந்தால் கூட்டம் சரியத் தொடங்கும் என்பது மாதிரிக் கணக்கின் முடிவு. மூன்று புலியில் ஒரு பெண் போனாலே அந்த எல்லை இரு மடங்குக்கு மேல் தாண்டிவிடுகிறது.

இரைக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஒரு புலிக்கு ஆண்டுக்கு மான் அளவுள்ள விலங்கு ஏறக்குறைய 50 வேண்டும். இரைக்கூட்டம் குறையாமல் அதிலிருந்து ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்குதான் எடுக்க முடியும். ஆக, ஒரு புலிக்குப் பின்னால் 500 மானோ பன்றியோ நடமாட வேண்டும். மரம் மட்டும் நிறைந்து, மான் இல்லாத காட்டில் புலி நிற்காது. புலிக்கணக்கு என்பதே மான்கணக்குதான் என்று துறையில் இருப்பவர்கள் சொல்வது இதனால்.

காஸ்பியன் புலி வாழ்ந்தது நாம் மனத்தில் நினைக்கும் காட்டில் அல்ல. துருக்கி முதல் மத்திய ஆசியா வரை பாலைவனத்தின் நடுவே ஓடும் ஆறுகளின் கரையில், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த நாணல் புதரும் பாப்லர் வகை மரங்களும் சேர்ந்த ஈரப்பட்டை. அதற்குள் காட்டுப்பன்றியும் மானும். பட்டை அகலம் குறைவு, நீளம் மிகுதி. இந்த வடிவமே அதற்கு எமன். ஆற்றோரத்தைப் பருத்திக்காக உழுதால் புலிக்கு ஒதுங்க இடமில்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் பாலை. ரஷ்யப் பேரரசு துர்க்கிஸ்தானைப் பிடித்த காலத்தில் புலிகளை ஒழிக்கும் வேலையைப் படைவீரர்களிடமே கொடுத்தது. பின்னாலேயே குடியேற்றமும் சாகுபடியும் வந்தன. காக்கேசியாவில் கடைசி என்று பதிவானது 1922-இல் ஜார்ஜியாவின் திபிலீசி அருகே, கால்நடையை அடித்ததற்காகக் கொல்லப்பட்டது. தஜிகிஸ்தானில் திக்ரோவாயா பால்கா காப்பகம் 1938-இல் வந்தது. அங்கே 1950-கள் வரை தாக்குப்பிடித்தது. துருக்கியின் தென்கிழக்கே உலுதெரேயில் 1970-இல் ஒன்று சுடப்பட்டது.

2009-இல் அருங்காட்சியகங்களில் இருந்த காஸ்பியன் புலி எலும்பு, தோல் துணுக்குகளிலிருந்து இழைமணி டி.என்.ஏ. (தாய்வழியே மட்டும் வருவது) எடுத்துப் பார்த்தார்கள். அமூர்ப் புலியிடமிருந்து ஒரே ஒரு எழுத்துத்தான் வேறு. சீனத்தின் கன்சு இடைவழியாக, பட்டுப்பாதை ஓடிய அதே தடத்தில், மேற்கே போன கூட்டம் காஸ்பியன் புலியாகவும், கிழக்கே நகர்ந்தது அமூர்ப் புலியாகவும் ஆனது என்பது அந்த ஆய்வின் விளக்கம். நடுவில் இருந்தவற்றை மனிதன் கொன்றதால் இரண்டும் துண்டுபட்டன. இருவேறு பெயர், ஒரே குடும்பம்.

தென்சீனப் புலி இடைப்பட்ட நிலை. 1950-களின் தொடக்கத்தில் சுமார் 4,000 என்று மதிப்பிட்டார்கள். அதன்பின் தீங்குயிர் என்று அறிவித்துக் கூட்டம் கூட்டமாக வேட்டையாடினார்கள். 2001-இல் தேடியபோது ஒரு புலிகூடக் கிடைக்கவில்லை. காட்டிலிருந்து பிடித்த ஆறே புலிகளின் வாரிசுகள் இன்று உயிர்க்காட்சிசாலைகளில் 200-க்கு மேல். எண் பெரிது, மரபணுக் கையிருப்பு சிறிது. சோதித்தபோது சிலவற்றில் இந்தோசீனப் புலியின் கலப்பும் தெரிந்தது.

இந்தப் புலியை வைத்து 2007-இல் ஒரு கூத்து நடந்தது. ஷான்சி மாகாணத்தில் ஒரு விவசாயி காட்டில் புலியைப் படமெடுத்ததாகச் சொன்னார். மாகாண வனத்துறை செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தது. இணையத்தில் பார்த்தவர்களுக்குச் சந்தேகம்: எந்தப் படத்திலும் புலியின் நிலை மாறவே இல்லையே, காது, தலை, கோடு எல்லாம் அப்படியே இருக்கிறதே! கொஞ்ச நாளில் ஒருவர் தன் வீட்டுச் சுவரிலிருந்த சீனப் புத்தாண்டுப் படத்தைக் கொண்டுவந்தார். கோட்டுக்குக் கோடு அதே புலி. படத்தை வெட்டிப் புதரில் நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். விவசாயிக்குத் தண்டனை, அதிகாரிகள் பலர் பதவியிழந்தார்கள். புலியின் கோடுகள் கைரேகை போல. அதிலும் இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் வேறு. அதனால்தான் இந்தியக் கணக்கெடுப்பில் 2 சதுர கிலோமீட்டருக்கு ஒரு இடம் என்று பாதையின் இருபுறமும் எதிரெதிரே இரண்டு கேமரா கட்டுகிறார்கள், முழங்கால் உயரத்தில். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் ஒரே புலியை இரண்டாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு.

ஜாவாவிலும் இப்படி ஒரு செய்தி வந்தது. மேற்கு ஜாவாவின் சுகபூமிப் பகுதியில் 2019-இல் வேலியில் கிடைத்த ஒற்றை முடியின் டி.என்.ஏ. ஜாவாப் புலியோடு ஒத்துப்போவதாக 2024-இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. மரபியலாளர்கள் சிலர் அந்த முடிவை ஏற்கவில்லை. அந்த வரிசையை மறுபடி அலசியபோது அது புலியினுடையது என்று சொல்ல முடியவில்லை என்றார்கள். முடி ஒன்று போதாது. ஜாவாவில் சிறுத்தை இன்னும் இருப்பதால் கால்தடம், நகக்கீறல், செத்த மாடு எதுவும் சான்றாகாது. கேமராவில் பக்கவாட்டுப் படம், புது எச்சம், ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகத்தில் ஒரே விடை. இந்த மூன்றும் வரும்வரை நம்பத் தேவையில்லை.

இப்போது அழிவின் வரிசையில் நிற்பவை. உலகக் காட்டுப்புலிகளை 2022-இல் ஐ.யு.சி.என். 3,726 முதல் 5,578 என்று மதிப்பிட்டது. அதே ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் மட்டும் 3,682. நேபாளம் 2009-இல் 121-ஆக இருந்ததை 2022-இல் 355-ஆக உயர்த்தியிருக்கிறது. தாய்லாந்தின் மேற்குக் காடுகளில் ஏறுமுகம். இந்தக் கூட்டல் தென்கிழக்காசியக் கழித்தலை மறைத்துவிடுகிறது. கம்போடியாவில் கடைசிக் கேமராப் படம் 2007. லாவோசில் நாம் எட் பூ லூயி காப்பகத்தில் கடைசியாகப் பதிவானது 2013. மலேசியாவில் 1950-களில் 3,000 என்று சொல்லப்பட்ட இடத்தில், 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி 150-க்கும் குறைவு. தமிழ்நாட்டில் மட்டும் 2022 கணக்கில் 306 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலேசியாவில் காடு அழிந்துவிட்டதா என்றால், பேராக்கின் பெலும் தெமெங்கோரிலும் தாமான் நெகாராவிலும் பெருங்காடு இன்னும் நிற்கிறது. உள்ளே புலிதான் மிகக் குறைவு.

காரணம் கம்பிச் சுருக்கு. மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி ஒரு முழம், வளைத்துக் கட்டிய இளமரம் ஒன்று, தட்டினால் விடுபடும் குச்சி ஒன்று. விலை ஒன்றுமில்லை. மான் நடக்கும் தடத்தில் இலையை மூடி வைத்துவிட்டுப் போனால், வைத்தவனே மறந்துபோனாலும் மாதக்கணக்கில் அது வேலை செய்யும். பன்றி, மான், ஆமை, புலி என்று பேதம் பார்க்காது. புலி இழுத்துப் பிய்த்துக்கொண்டு போனாலும் கம்பி காலை அறுத்து, பாதம் அழுகி, வேட்டையாட முடியாமல் ஊருக்குள் வரும். கம்போடியா, லாவோஸ், வியட்நாம் மூன்று நாடுகளின் காப்பகங்களில் மட்டும் சுமார் 1.2 கோடி சுருக்குகள் இருக்கலாம் என்று 2020-இல் உலக வனவிலங்கு நிதியம் மதிப்பிட்டது. ரோந்து போய் எடுப்பதால் மட்டும் தீராது. ஒருவர் ஒரு நாளில் எடுப்பதைவிட இன்னொருவர் அதிகமாக வைத்துவிடுவார். கம்பியும் கையுமாகக் காட்டுக்குள் இருப்பதையே குற்றமாக்கி, இறைச்சி வாங்கும் உணவகம்வரை போய்ப் பிடித்தால்தான் குறையும். சுமத்ராவில் 400 முதல் 600 வரை மிஞ்சியிருக்கும் புலிகளுக்கும் இதே எமன்தான், கூடவே எண்ணெய்ப்பனைத் தோட்டம். இதன்மேல் நோய் வேறு: நாய்களிடமிருந்து வரும் டிஸ்டெம்பர் வைரஸ் ரஷ்யாவிலும் மலேசியாவிலும் புலிகளைக் கொன்றிருக்கிறது. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் காட்டுப்பன்றியைக் காலி செய்தால் புலியின் தட்டும் காலி.

திரும்பக் கொண்டுவருவது பற்றிய கேள்விக்கு, கூண்டில் வளர்ந்த புலியைக் காட்டில் திறந்துவிடுவது விடை ஆகாது. அது மனிதனைக் கண்டால் ஒதுங்காது, சோறு போடுவான் என்று கிட்ட வரும். நடந்தவை இரண்டு வழிகள்.

ஒன்று, காட்டுப்புலியைப் பிடித்து மாற்றுவது. மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் 2009-இல் புலி முற்றிலும் தீர்ந்தது. அந்த ஆண்டு பாந்தவ்கர், கான்ஹாவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தன, நவம்பரில் பெஞ்ச்சிலிருந்து ஓர் ஆண். ஆண் சில நாளிலேயே பழைய ஊரை நோக்கி நடையைக் கட்டிவிட்டது. ரேடியோ பட்டை இருந்ததால் யானையும் ஆளுமாக ஒரு மாதம் பின்தொடர்ந்து, டிசம்பரில் மயக்கி மறுபடி பன்னாவுக்குக் கொண்டுவந்தார்கள். இம்முறை பெண்புலியின் சிறுநீரைக் காட்டில் தெளித்துவைத்தார்கள். அது நின்றது. 2010 ஏப்ரலில் குட்டிகள். ஆண்புலிக்குத் தன் ஊர் திசை தெரியும் என்பது அன்று கிடைத்த பாடம்.

இரண்டு, தாயிழந்த குட்டியை மனித முகம் படாமல் வளர்ப்பது. ரஷ்யாவில் 2012-இல் கிடைத்த சோலுஷ்கா என்ற பெண்குட்டியை உயர வேலிக்குள், கேமராவில் மட்டும் கண்காணித்து, உயிருள்ள இரையை விட்டு வேட்டை பழக்கினார்கள். 2013-இல் பாஸ்டாக் காப்பகத்தில் விட்டார்கள். 2015-இல் அது குட்டிகளோடு கேமராவில் தெரிந்தது.

துணையினத் தூய்மை கெடாதா என்ற கேள்வி இங்கே வரும். ஃபுளோரிடாவில் 20, 30 என்று சுருங்கி, வால் மடங்கி, இதயக் கோளாறோடு கிடந்த பூமா (அமெரிக்கப் பெரும்பூனை) கூட்டத்துக்கு 1995-இல் டெக்சசிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்தார்கள். பட்டியல்படி வேறு துணையினம். கூட்டம் நூற்றைத் தாண்டியது, கோளாறும் குறைந்தது. தூய்மை பார்த்திருந்தால் இன்று பார்க்க எதுவும் இருந்திருக்காது.

ஜாவாவுக்கு இது பொருந்துமா? உறவுமுறையில் சுமத்ராப் புலி பொருந்தும். ஆனால் அந்தத் தீவில் இன்று 15 கோடி மக்கள். 500 மான் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நிலைத்து நிற்கும் ஒரு புலிக்கூட்டத்துக்கு அங்கே இடம் தேறுவது கடினம். பாலியைச் சொல்லவே வேண்டாம்.

காஸ்பியன் புலிக்கு மட்டும் வாசல் திறந்திருக்கிறது. கசகஸ்தானில் இலி ஆறு பால்காஷ் ஏரியில் கலக்கும் கழிமுகத்தில் 2018-இல் 4,150 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அமைத்தார்கள். முதலில் புலியை அல்ல, இரையைக் கொண்டுவந்தார்கள்: புகாரா மானும் குலான் என்னும் காட்டுக்கழுதையும். 40 முதல் 55 புலிகளை விட்டால் 50 ஆண்டுகளில் 64 முதல் 98 ஆகும் என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு கணித்தது. 2024 நவம்பரில் நெதர்லாந்திலிருந்து போதானா, கூமா என்ற இரண்டு அமூர்ப் புலிகள் வந்து இறங்கின. இவை கூண்டில் வளர்ந்தவை என்பதால் காட்டுக்குள் போகமாட்டா. குட்டிகள் பிறந்தால் அவற்றை மனித வாடை படாமல் வளர்த்து விடுவது திட்டம். ரஷ்யாவிலிருந்து காட்டுப்புலிகளைக் கொண்டுவருவது அடுத்த படி. இதற்கெல்லாம் நாணல் ஈரமாக இருக்க வேண்டும். இலி ஆறு புறப்படுவது சீன எல்லைக்குள். மேலே பாசனத்துக்கு எடுத்தது போக மிஞ்சும் தண்ணீர்தான் அந்த நாணலுக்கு வந்து சேரும்.